சான்றிதழ் யார் கணக்கைப் பார்க்கிறது? பொறுப்புச் சுற்றுலா அங்கீகாரங்கள் பற்றிச் சில குறிப்புகள்

புக்கிங்.காம் தளத்தில் சில வருடங்களுக்கு முன் விடுதி தேடியவர்கள், சில விடுதிகளின் பெயருக்குப் பக்கத்தில் ஒரு பச்சை அடையாளத்தைப் பார்த்திருப்பீர்கள். ‘ட்ராவல் சஸ்டெய்னபிள்’ என்று அதற்குப் பெயர். 2021 நவம்பரில் தொடங்கினார்கள். நிலை ஒன்று, இரண்டு, மூன்று என்று படிகளும் வைத்திருந்தார்கள். 2024 மார்ச்சில் அந்த அடையாளம் போய்விட்டது. நெதர்லாந்தின் நுகர்வோர், சந்தை ஆணையம் அந்தப் பெயரும் படிநிலைகளும் பயணிகளைத் தவறாக எண்ண வைக்கக்கூடும் என்று சொன்னதும், நிறுவனம் திட்டத்தையே நிறுத்திக்கொண்டது.

ஏன் தவறாக எண்ண வைக்கும்? விடுதிக்காரர் ஒரு படிவத்தை நிரப்புவார். ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் இல்லை, டிக். எல்.இ.டி விளக்கு, டிக். துண்டைத் தினமும் துவைக்க வேண்டாம் என்று சொல்லும் வசதி, டிக். டிக்குகள் கூடினால் நிலை ஏறும். நிரப்புகிறவரும் பயன் பெறுகிறவரும் ஒரே ஆள். அந்தப் படிவத்தைப் பார்த்துவிட்டு அந்த விடுதி இருக்கிற ஊரைப் பற்றி ஒரு வார்த்தைகூட உங்களால் சொல்ல முடியாது. அங்கே பாத்திரம் கழுவுகிற பெண்ணுக்கு வருடம் முழுக்க வேலை உண்டா, மீன் யாரிடமிருந்து வருகிறது, விடுதி வேலி போட்டதால் யாருடைய பாதை அடைபட்டது, எதுவும் தெரியாது.

ஐரோப்பிய ஒன்றியம் இப்போது ஒரு சட்டம் செய்திருக்கிறது. 2026 செப்டம்பர் 27 முதல் அங்கே, முறையான சான்றளிப்பு அமைப்போ அரசோ தராத பச்சை முத்திரைகளை வியாபாரத்தில் பயன்படுத்தக் கூடாது. நல்ல விஷயம்தான். தானே தனக்குப் போட்டுக்கொள்ளும் மாலை ஒழியும். ஆனால் அதோடு பிரச்சினை தீர்ந்தது என்று நினைக்கிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. மூன்றாம் தரப்பு வந்து பார்த்தாலும் அவர் எதைப் பார்க்கிறார், யாரிடம் கேட்கிறார் என்ற கேள்வி அப்படியே இருக்கிறது. இந்தக் குறிப்பு அதைப் பற்றித்தான்.

என் தொழில்காரர்களுக்கு இது புதிதல்ல. தொண்ணூறுகளின் இறுதியில் மென்பொருள் நிறுவனங்கள் சி.எம்.எம் நிலை 5 என்று பெரிய எழுத்தில் பலகை வைத்தன. உலகில் அந்த நிலையை வாங்கிய நிறுவனங்களில் பெரும்பங்கு இந்தியாவில்தான் இருந்தது. அந்தச் சான்று அளந்தது வேலை செய்யும் முறையை. கூட்டம் போட்டீர்களா, குறிப்பு எழுதினீர்களா, பிழைகளை எண்ணினீர்களா, எண்ணியதை வைத்து முறையைத் திருத்தினீர்களா. கடைசியில் வெளியே போகும் மென்பொருள் வாடிக்கையாளருக்கு உபயோகமாக இருந்ததா என்பது அதன் கேள்வியே இல்லை. முறை ஒழுங்காக இருந்தால் பொருளும் ஒழுங்காக இருக்கும் என்ற நம்பிக்கை மட்டுமே. சில சமயம் அந்த நம்பிக்கை பலித்தது, சில சமயம் ஃபைல் மட்டும் பிரமாதமாக இருந்தது. ஆடிட்டுக்கு முந்தின வாரம் அலுவலகம் எப்படி இருக்கும் என்று தெரிந்தவர்களுக்கு மேலே விளக்க வேண்டியதில்லை.

சுற்றுலாச் சான்றுகளில் பெரும்பாலானவை இந்த வகை. உலக அளவில் பொது அளவுகோல் என்று சொல்லத்தக்கது ஜி.எஸ்.டி.சி அளவுகோல், அதாவது உலக நிலைத்த சுற்றுலாக் குழுமத்தினுடையது. 2008-இல் வந்தது. குழுமம் தானே யாருக்கும் சான்று தருவதில்லை. சான்று தரும் நிறுவனங்களை அங்கீகரிக்கிறது. இந்த அளவுகோலைக் குறை சொல்லுமுன் அதைப் படிப்பது நல்லது, ஏனென்றால் அதில் எழுதியிருப்பது மோசமில்லை. நிர்வாகம், சமூகம்-பொருளாதாரம், பண்பாடு, சுற்றுச்சூழல் என்று நான்கு பகுதி. இரண்டாம் பகுதியில் உள்ளூர் வேலைவாய்ப்பு, உள்ளூர்க் கொள்முதல், கண்ணியமான ஊதியம் எல்லாம் உண்டு. உள்ளூர் மக்கள் நிலத்தையும் நீரையும் வழிகளையும் பயன்படுத்துவதைத் தொழில் கெடுக்கக் கூடாது என்று ஒரு விதியே இருக்கிறது. எழுதியவர்களுக்கு எது முக்கியம் என்று நன்றாகவே தெரிந்திருக்கிறது.

சிக்கல் வருவது சரிபார்க்கும் இடத்தில். தணிக்கைக்காரர் வருகிறார், விடுதியில் தங்குகிறார், விடுதி மேலாளர் எடுத்துவைத்த கோப்புகளைப் புரட்டுகிறார், மேலாளர் காட்டும் ஆட்களோடு பேசுகிறார். கட்டணத்தைக் கொடுப்பதும் விடுதிதான். ‘உள்ளூரில் இத்தனை சதவீதம் வாங்குகிறோம்’ என்பதற்குச் சான்று விடுதியின் பில் புத்தகம். அதில் ‘உள்ளூர் வியாபாரி’ என்று இருப்பவர் பக்கத்து டவுனில் கிடங்கு வைத்திருக்கும் மொத்த வியாபாரியாக இருக்கலாம். காய்கறி நூறு மைல் தாண்டி வந்திருக்கலாம். பணம் உள்ளே வந்ததுபோல் வந்து வெளியே கசிவதைக் கண்டுபிடிக்க வேண்டுமென்றால் விடுதியின் கணக்கோடு விற்றவனின் கணக்கையும் வைத்து ஒப்பிட வேண்டும். அதைச் செய்கிற சான்று அபூர்வம்.

இன்னொன்று மதிப்பெண் போடும் முறை. பல அங்கீகாரங்களில் எல்லாத் தலைப்புகளின் மதிப்பெண்ணும் கூட்டிச் சராசரி எடுக்கப்படும். சராசரி ஒரு மோசமான கருவி. கழிவுநீரில் 95, மின்சாரத்தில் 95, ஊரோடு உள்ள உறவில் 20 என்றாலும் 70 வந்துவிடும். கொஸ்டாரிகா இதைப் புத்திசாலித்தனமாகக் கையாண்டது. 1997-இல் அந்நாட்டுச் சுற்றுலா நிறுவனம் ‘நிலைத்த சுற்றுலாச் சான்றிதழ்’ என்று ஒரு முறை கொண்டுவந்தது. விடுதிகளுக்கு ஒன்று முதல் ஐந்து இலை வரை. 153 கேள்விகள், நான்கு பகுதிகள்: விடுதிக்கும் சுற்றியுள்ள இயற்கைக்கும் உள்ள உறவு, விடுதியின் உள் நிர்வாகம், விருந்தினர் பங்கு, சமூக-பொருளாதாரச் சூழல். இதில் எனக்குப் பிடித்த விஷயம், இறுதி நிலையைத் தீர்மானிப்பது நான்கில் எது குறைவோ அதுதான். மூன்று பகுதியில் ஐந்து இலைக்குத் தகுதி இருந்து சமூகப் பகுதியில் இரண்டு இலை என்றால் வாசலில் மாட்டிக்கொள்வது இரண்டு இலை. நிரல் எழுதுகிறவர்கள் பாஷையில் சொன்னால், சராசரிக்குப் பதில் மினிமம். ஒரே ஒரு வரி மாற்றம். சோலார் பேனலை வைத்து ஊர்க்காரனுக்குச் செய்ததை ஈடுகட்ட முடியாது என்று அந்த ஒரு வரி சொல்லிவிடுகிறது. ஐந்து இலை முறையைப் பின்னால் மாற்றிவிட்டார்கள். நான் பேசுவது அந்தப் பழைய முறையைப் பற்றி. அதன் கேள்வித்தாளும் பெரும்பாலும் ஆம்/இல்லை வகைதான், அதற்கும் ஃபைல்தான் சான்று. ஆனாலும் குறைந்ததை எடு என்ற அந்த விதியை மற்றவர்கள் ஏன் பின்பற்றவில்லை என்பது எனக்கு உண்மையிலேயே புரியவில்லை. ஒருவேளை புரிந்ததால்தான் பின்பற்றவில்லையோ என்னவோ.

சரி, நம் பக்கம் வருவோம். கடற்கரைகளுக்கு நீலக்கொடி என்று ஒரு அங்கீகாரம். 1985-இல் பிரான்சில் தொடங்கி 1987-இல் ஐரோப்பாவுக்குப் பரவியது. இந்தியாவில் 2020 அக்டோபரில் எட்டுக் கடற்கரைகளுக்குக் கிடைத்தது. 2021-இல் நம் கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருக்கும் கோவளமும் புதுச்சேரி ஈடன் கடற்கரையும் சேர்ந்தன. மொத்தம் 33 அளவுகோல்கள். குளிக்கும் தண்ணீரின் தரம், குப்பைத் தொட்டி, கழிப்பறை, உயிர்காப்பாளர், முதலுதவி, மாற்றுத்திறனாளிகளுக்கான வழி, தகவல் பலகை. தண்ணீரைச் சோதிப்பதையும் சக்கர நாற்காலி மணலில் போக வழி செய்வதையும் நான் குறை சொல்ல மாட்டேன். கொடி நிரந்தரமானதும் இல்லை, பருவத்துக்குப் பருவம் புதுப்பிக்க வேண்டும். விசாகப்பட்டினம் ருஷிகொண்டாவில் 2025 தொடக்கத்தில் பராமரிப்பு சரியில்லை என்று கொடியை எடுத்து, சரிசெய்த பிறகு திருப்பிக் கொடுத்தார்கள். எடுக்கிற பழக்கம் உள்ள அங்கீகாரம் என்ற அளவில் நீலக்கொடிக்கு ஒரு மரியாதை உண்டு.

ஆனால் அந்த 33-ஐயும் மீனவர் ஒருவரின் இடத்தில் நின்று படித்துப் பாருங்கள். கோவளம் முதலில் ஒரு மீனவர் ஊர், அப்புறம்தான் ‘பீச்’. கரை என்பது படகு ஏற்றும் இடம், வலை காயவைக்கும் இடம், மீன் ஏலம் போகும் இடம். அளவுகோலில் இதற்கு நெருங்கி வரும் ஒரே வரி, கடற்கரையைப் பயன்படுத்தும் பலவகைப்பட்டவர்களுக்குள் மோதலும் விபத்தும் வராமல் நிர்வகிக்க வேண்டும் என்பது. ஆக, தலைமுறைகளாக அங்கே பிழைக்கிறவரும் ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் பைக்கில் வந்தவரும் அந்தப் படிவத்தில் ஒரே சாதி: ‘பயன்படுத்துவோர்’. கொடி வாங்க வசதியாக 2020 ஜனவரியில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல விதிகளில் தளர்வும் கொடுத்தது. உயர் அலைக் கோட்டிலிருந்து குறைந்தது 10 மீட்டர் தள்ளி, கழிப்பறை, உடைமாற்றும் அறை, நடைபாதை போன்றவை அமைக்கலாம். சுற்றுச்சூழல் அங்கீகாரம் வாங்க சுற்றுச்சூழல் விதியைத் தளர்த்துவது எனக்குக் கொஞ்சம் விசித்திரமாகத்தான் படுகிறது. எல்லாம் தற்காலிகக் கட்டுமானம் என்பார்கள். நம்ம நாட்டில் தற்காலிகம் என்பதற்கு என்ன அர்த்தம் என்று நமக்குத் தெரியும்.

அதே கோவளத்தில் இன்னொரு கதையும் உண்டு. மூர்த்தி மேகவன் என்ற மீனவர் அலைச்சறுக்கு கற்று, ஒரு தொழில்நிறுவனக் குடும்பத்தைச் சேர்ந்தவரின் ஆதரவோடு 2012 வாக்கில் ஒரு அலைச்சறுக்குப் பள்ளி தொடங்கினார். மீனவக் குடும்பத்துப் பையன்கள் அங்கே கற்று, பயிற்றுநர் ஆனார்கள். சென்னையிலிருந்து வருகிறவர்கள் கொடுக்கும் கட்டணம் ஊருக்குள்ளேயே சம்பளமாக நிற்கிறது. கடலை வாசிக்கத் தெரிந்தது என்ற, அதுவரை மீன் பிடிக்க மட்டும் உதவிய அறிவுக்கு இன்னொரு விலை கிடைத்தது. சுற்றுலாத் தொழில் உள்ளூருக்கு நன்மை செய்தது என்று காட்டச் சொன்னால் நான் முதலில் காட்டுவது இதைத்தான். நீலக்கொடியின் 33-இல் இதற்கு ஒரு மதிப்பெண்கூடக் கிடையாது. தப்பு என்று சொல்ல வரவில்லை, அது அதற்கான கருவி இல்லை. ஆனால் ‘கோவளத்துக்கு உலக அங்கீகாரம்’ என்று செய்தி வரும்போது, அங்கீகரிக்கப்பட்டது மணலும் கழிப்பறையும்தான், ஊர் அல்ல என்பதை யாரும் சொல்வதில்லை.

இனி குமரகம். இந்தக் குறிப்பு எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான்.

2002-இல் கேப்டவுனில் ஒரு பிரகடனம் எழுதினார்கள், பொறுப்புச் சுற்றுலா என்ற சொல் உலகம் சுற்ற ஆரம்பித்தது அதிலிருந்து. ஊர் முதலில் அங்கே வாழ்கிறவர்களுக்கு நல்ல இடமாக வேண்டும், அப்படியானால் வருகிறவர்களுக்கும் நல்ல இடமாக இருக்கும் என்பது அதன் சாரம். கேரளம் இதை 2007-இல் கையில் எடுத்தது. கோவளம் (இது திருவனந்தபுரத்துக் கோவளம்), குமரகம், தேக்கடி, வயநாடு என்று நான்கு இடங்கள். இதில் உருப்படியாக வேர் பிடித்தது குமரகம். வேம்பநாட்டுக் காயல் கரையில் உள்ள ஊர். அதுவரை அங்கே ரிசார்ட்டுகளுக்கும் ஊருக்கும் நல்ல உறவில்லை. வயல் போயிற்று, காயலுக்கு இறங்கும் வழி போயிற்று, வந்தது என்னவென்றால் மதில் சுவர் என்பது ஊரின் கோபம்.

அங்கே செய்தது வெறும் வேண்டுகோள் அல்ல. குடும்பஸ்ரீ பெண்கள் குழுக்களாகத் தரிசு நிலத்தில் காய்கறியும் நெல்லும் போட்டார்கள். விடுதிகள் அதை வாங்க ஒப்புக்கொள்ள வேண்டும். இதைச் சொல்வது எளிது. நட்சத்திர விடுதியின் சமையல்காரர் தினமும் ஒரே தரத்தில், ஒரே அளவில், காலை ஒரே நேரத்துக்கு வேண்டும் என்பார். வீட்டுக் கொல்லையில் பத்துக் கத்திரிச்செடி வைத்திருக்கும் அம்மாவால் அது முடியாது. எனவே நடுவில் ஒரு விற்பனை நிலையம், ‘சம்ருத்தி’ என்று பெயர். பல வீடுகளின் விளைச்சலைத் திரட்டி விடுதிக்கு அனுப்பும் வேலை அதற்கு. விலையை நிர்ணயிக்க ஒரு குழு, தரத்தைப் பார்க்க ஒரு குழு, இதிலெல்லாம் பஞ்சாயத்தின் பங்கு. சந்தையில் விலை விழுந்தால் விடுதி வெளியே ஓடாமலும், ஏறினால் குழு வெளியே விற்காமலும் இருக்க ஒரு ஏற்பாடு. சலிப்பான வேலைதான். எந்த விருது விழாவிலும் படம் காட்ட முடியாத வேலை. ஆனால் விஷயமே இதில்தான் இருக்கிறது.

ஏனென்றால் இங்கே இரண்டு பேரேடு இருந்தது. விடுதி எவ்வளவு வாங்கினேன் என்று சொன்னால், குடும்பஸ்ரீ எவ்வளவு விற்றேன் என்று சொல்லும். இரண்டும் ஒத்துப்போக வேண்டும். விடுதி வாங்குவதை நிறுத்தினால் மறுநாளே ஊருக்குத் தெரியும், பஞ்சாயத்துக் கூட்டத்தில் பேச்சு எழும். வருடத்துக்கொருமுறை வெளியிலிருந்து ஆள் வந்து கண்டுபிடிக்க வேண்டியதில்லை. கிராம வாழ்க்கைச் சுற்றுப்பயணத்திலும் இதே தர்க்கம்: கயிறு திரிக்கும் வீடு, தாழம்பாய் முடையும் வீடு, கள் இறக்குபவர், தோணிக்காரர் என்று ஒவ்வொரு நிறுத்தத்திலும் அந்தந்த ஆளுக்குப் பணம் போகிறது. ஏஜென்ட் மொத்தமாக வாங்கி வைத்துக்கொண்டு கையில் பத்து ரூபாய் திணிக்கும் வழக்கம் எப்படிப்பட்டது என்று நாம் எல்லாச் சுற்றுலா ஊர்களிலும் பார்த்திருக்கிறோம்.

இதற்காக ஐ.நா. சுற்றுலா அமைப்பின் யுலிஸஸ் விருது, 2013-ஆம் ஆண்டுக்கானது, கேரளத்துக்குக் கிடைத்தது. தகுதியான விருது என்றே நினைக்கிறேன். ஆனால் விருது எதைப் பார்த்தது, எதைப் பார்க்கவில்லை என்பதற்கும் அதே காயல் சாட்சி.

2013 ஜூலையில்தான் கேரள உயர் நீதிமன்றம், அதே வேம்பநாட்டுக் காயலில் ஆலப்புழை மாவட்டம் பாணாவள்ளிப் பக்கம் உள்ள நெடியதுருத்து என்ற தீவில் கட்டிய கேபிகோ ரிசார்ட்டை இடிக்கச் சொன்னது. 54 வில்லாக்கள். கடற்கரை ஒழுங்குமுறை விதி மீறல். வழக்குப் போனது காயலில் கம்பு நட்டு ஊன்னிவலை கட்டிப் பிழைக்கும் மீனவர்களிடமிருந்து. தீவைச் சுற்றியிருந்த தங்கள் வலைகள் போய்விட்டன என்பது அவர்கள் புகார். 2020 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பை உறுதி செய்தது. இடிக்கத் தொடங்கியது 2022 செப்டம்பரில். விருந்தினர் ஒருவர்கூடத் தங்காமலே அது போயிற்று. நான் யோசிப்பது வேறு. அது திறக்கப்பட்டிருந்தால்? சூரிய மின்சாரம், மழைநீர் சேகரிப்பு, உள்ளூர் ஆட்களுக்குத் தோட்ட வேலை என்று ஒரு கோப்பு தயாராகியிருக்கும். தணிக்கைக்காரர் படகில் வந்து இறங்கியிருப்பார். வலை இருந்த இடத்தில் தண்ணீர்தானே தெரியும்? இல்லாமல்போன ஒன்று எந்தக் கோப்பிலும் இருக்காது. அதைச் சொல்ல ஊன்னிவலைக்காரர் வேண்டும், அவரிடம் யாராவது கேட்க வேண்டும். இங்கே கேட்டது நீதிமன்றம், அதுவும் பல வருடம் கழித்து.

படகுவீடுகள் விஷயமும் இப்படித்தான். குமரகத்தின் காய்கறிக் கணக்கு எவ்வளவு நன்றாக இருந்தாலும், படகுவீடுகளின் கழிவும் எண்ணெயும் காயலில் கலப்பது குறைந்ததாக யாரும் கொண்டாடவில்லை. வேம்பநாடு 2002 முதல் ராம்சார் ஈரநிலம். கொஸ்டாரிகாவின் குறைந்ததை எடு விதியைக் குமரகத்துக்குப் போட்டால் யுலிஸஸ் கிடைத்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

ஆனால் படகுவீட்டின் முதலாளியும் உள்ளூர்க்காரர் ஆயிற்றே? இங்கேதான் ‘உள்ளூர் மக்கள்’ என்ற சொல்லைச் சற்று உலுக்கிப் பார்க்க வேண்டியிருக்கிறது. எல்லா அங்கீகாரப் படிவங்களிலும் உள்ளூர் மக்கள் என்பது ஒருமை, ஒரே குரல். ஊரில் இருந்தவர்களுக்குத் தெரியும், அப்படி ஒரு ஊர் கிடையாது. படகு வைத்திருப்பவரும் கக்கா வாரிப் பிழைப்பவரும் ஒரே காயலில் எதிரெதிராக நிற்கிறார்கள். ஹோம்ஸ்டே என்றால் கூடுதலாக ஒரு அறையும் அதற்கு ஒட்டிய கழிப்பறையும் உள்ள வீடு வேண்டும். அப்படி வீடு யாரிடம் இருக்கும்? ஏற்கெனவே நிலம் உள்ளவரிடம். ‘உள்ளூர் ஹோம்ஸ்டேக்கு விருது’ என்றால் பல இடங்களில் அந்த ஊரின் மேல்தட்டுக்கு விருது என்றே பொருள்.

இதற்கு ஒரு நடைமுறைப் பதில் லடாக்கில் பார்த்தேன், அதாவது படித்தேன். பனிச்சிறுத்தைப் பாதுகாப்பு அறக்கட்டளையின் உதவியோடு நடக்கும் இமாலய ஹோம்ஸ்டேக்களில் விருந்தினர் தமக்குப் பிடித்த வீட்டைத் தேர்வு செய்ய முடியாது. எந்த வீட்டின் முறையோ அந்த வீடு. முறை சுற்றி வரும். வருமானத்தில் ஒரு பங்கு ஊரின் பாதுகாப்பு நிதிக்குப் போகும். ஆட்டுப்பட்டியைச் சிறுத்தை அடித்த வீட்டுக்கும் சிறுத்தையைப் பார்க்க வந்தவரின் காசு போய்ச் சேருகிறது. அதனால் விஷம் வைக்கும் கோபம் தணிகிறது. நட்சத்திர மதிப்பீட்டுக்கு நேர் எதிரான ஏற்பாடு. இணையத்தில் ஐந்து நட்சத்திரம் வாங்கிய வீட்டுக்கே எல்லாரும் போனால் மற்ற பத்து வீட்டுக்குச் சிறுத்தை வெறும் சிறுத்தைதான்.

தேக்கடியில் இன்னும் ஒரு படி மேலே. பெரியார் புலிகள் காப்பகத்தில் வயணைப் பட்டை (காட்டு இலவங்கப் பட்டை) திருடி விற்றுவந்தவர்கள் உண்டு. தொண்ணூறுகளின் பிற்பகுதியில் சூழல் மேம்பாட்டுத் திட்டத்தின்போது வனத்துறை இவர்களோடு பேசி, வழக்குகளைக் கைவிட்டு, இருபதுக்கும் மேற்பட்டவர்களைக் கொண்டு ஒரு குழு அமைத்தது. ‘பெரியார் டைகர் ட்ரெயில்’ என்று நடைப்பயணம், வழிகாட்டிகள் இவர்களே. காட்டில் கள்ளப்பாதை எது, எங்கே தங்குவார்கள், புகை எப்படித் தெரியும் என்று இவர்களைவிட யாருக்குத் தெரியும்? சுற்றுலாப் பயணிகளோடு நடப்பதே ரோந்து ஆகிவிடுகிறது. இதோடு மன்னான், பளியர் குடிகளுக்கும் குழுக்கள். சந்தனமரக் காட்டைக் கூலியில்லாமல் முறைவைத்துக் காவல் காக்கும் ‘வசந்த சேனை’ பெண்கள். 2004-இல் பெரியார் பவுண்டேஷன் என்ற அரசு அறக்கட்டளை, பயணிகளிடம் கூடுதலாக ஒரு சிறு கட்டணம் வாங்கி இதற்கெல்லாம் நிதி தருகிறது. உலக வங்கிப் பணம் நின்ற பிறகும் திட்டம் நிற்காததற்கு இதுவே காரணம். திட்டம் முடிந்ததும் பலகை மட்டும் மிஞ்சும் ஊர்கள்தானே அதிகம்?

கவனியுங்கள், இங்கே வேலை செய்வது சான்றிதழ் அல்ல. அந்தப் பழைய பட்டைக்காரர்கள் நாளைக்கு மனம் மாறினால் காட்டுக்கு நஷ்டம், பயணத்துக்கு ஆளில்லை. அவர்கள் கையில் ஒரு பிடி இருக்கிறது. அதனால்தான் அவர்களிடம் ஒழுங்காக நடந்துகொள்ள வேண்டியிருக்கிறது. குமுளி டவுனில் ‘எக்கோ’ என்று பெயரில் ஒட்டிக்கொண்டிருக்கும் எத்தனையோ விடுதிகள் இதே காட்டின் பெயரில் வியாபாரம் செய்கின்றன. மேலே சொன்ன கூடுதல் கட்டணம் பயணி தருவது, விடுதி தருவதல்ல. விருதுப் பட்டியல்களில் பெயர் வர அதிக வாய்ப்பு யாருக்கு என்றால், விண்ணப்பம் எழுத ஆள் வைத்திருக்கும் விடுதிக்குத்தான்.

என் நண்பர் ஒருவர் (சுற்றுலாத் துறை ஆலோசகர்) இதை வாசித்துவிட்டு, ‘அப்படியானால் விருதே வேண்டாம் என்கிறாயா, நல்லது செய்கிறவன் எதை வைத்து விற்பான்?’ என்று கேட்டார். நியாயமான கேள்வி. வேண்டாம் என்று சொல்லவில்லை. சந்தையில் பொய்யனும் மெய்யனும் ஒரே சொல்லைச் சொல்லும்போது மெய்யனுக்கு ஏதோ ஒரு அடையாளம் வேண்டும்தான். ஆனால் அந்த அடையாளத்துக்கு விண்ணப்பிக்கிறவர் கூடவே ஊரின் கையிலிருந்தும் ஒரு தாளைக் கொண்டுவரட்டும். விற்றவர்களின் கணக்கு, வேலை பார்த்தவர்களின் பெயர்ப் பட்டியல் மாத வாரியாக, கிராம சபையில் விண்ணப்பத்தை வாசித்ததற்கான தீர்மான நகல், எதிர்ப்பு இருந்தால் அதுவும் பதிவாக. தணிக்கைக்காரர் தங்கும் இரவு அந்த விடுதியில் வேண்டாம், பக்கத்து வீட்டில் இருக்கட்டும். கட்டணத்தை விடுதி நேராகக் கொடுக்காமல் ஒரு பொது நிதியில் போடட்டும். ‘கிராம சபையைக் கைக்குள் போட்டுக்கொள்ளலாமே’ என்றார் நண்பர். போடலாம். கோப்பைத் தயாரிப்பதைவிட அது கஷ்டம், செலவும் அதிகம், நாலு பேர் முன்னால் நடக்க வேண்டியிருக்கும்.

கோவளத்துக் கொடி ஒவ்வொரு பருவமும் புதுப்பிக்கப்படுகிறது. தண்ணீர்ப் பரிசோதனை முடிவுகளும் கழிப்பறைப் படங்களும் விழிப்புணர்வு நிகழ்ச்சிகளின் பட்டியலும் அனுப்பப்படும். அந்தக் கட்டோடு மீனவர் பஞ்சாயத்தின் கடிதம் ஒன்றும் போக வேண்டும் என்று தமிழ்நாடு அரசே, டென்மார்க்கில் இருக்கும் அமைப்பைக் கேட்காமலே, ஒரு உத்தரவு போடலாம். கேரளத்தின் வைரம், தங்கம், வெள்ளி ஹோம்ஸ்டே வகைப்பாட்டைப் பற்றியும் எழுத நினைத்தேன், அதில் கழிப்பறை ஓட்டின் அளவு முதல் பல வேடிக்கைகள் உண்டு. நீண்டுவிட்டது, அது இன்னொரு நாள்.